எட்டு

பலகையில் எண் மாட்டுவது என் வேலை.
முட்டி வீங்கிப்போன அந்த சீசனில்
அணியில் எனக்கு மிச்சமிருந்த இடம் அதுதான்:
இரண்டு வரிசை ஆணி,
ஒரு கோணிப்பை நிறையத் தகரத் தகடுகள்.
ராயபுரம் மைதானத்தில் துறைமுகக் காற்று அடித்தால்
யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்.

இடைவேளையில் நாங்கள் இருபத்தெட்டு,
அவர்கள் பதினொன்று.
தாம்பரத்துக் கல்லூரி. அவர்களுடைய வேன் டிரைவர்
அதற்குள் வண்டியை வாசல் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டார்.

பதினாலு பாயிண்ட் டில்லிபாபு ஒருத்தன் எடுத்தது.
அவன் பாடிப் போனால் அந்தச் சொல்
பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தில் வருகிற மாதிரி வரும்:
முதலில் அதிர்வு,
ரயில் பிறகுதான்.

அருளப்பன் சார் ஆரஞ்சுச் சுளையில் விதை தள்ளிக்கொண்டே சொன்னார்:
"போதும்டா. இனிமே யாரும் ஹீரோ ஆவ வேணாம்.
கோட்டை மிதி, நேரத்தை ஓட்டு, திரும்பி வா.
புடிக்கப் போவாதீங்க. ஒண்ணு ரெண்டு போனாப் போவட்டும்.
டில்லி, உனுக்கு ஃபைனல் இருக்கு, உடம்பைப் பாத்துக்க.
மிச்சத்தைக் கடியாரம் ஆடிக்கும்."

கடியாரம் நடுவர் மேசையில் இருந்தது.
ஜெர்சி போடவில்லை.

முதல் ரெய்டு. மிதித்துத் திரும்பினான் டில்லி. கைதட்டினோம்.
இரண்டாவதும் அப்படியே. கொஞ்சம் கைதட்டினோம்.
மூன்றாவதில் வெறுங்கையோடு வந்தால் அவுட்.
அதற்கு டில்லியை அனுப்பவில்லை.
ஜெரோம் போனான். மூலையில் நின்று கணுக்கால் பிடிக்கிறவன்,
மொத்தமாக நாலு முறை பாடியிருப்பான்.
பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினார்கள்.

மறுபடி மிதி. மறுபடி திரும்பு. மறுபடி ஒரு ஜெரோம்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குள்ளப் பையன் வந்தான்,
காதில் பிளாஸ்திரி.
முதல் பாதியில் மூன்று முறை அமுக்கிப் போட்டோமே, அவன்தான்.
எங்கள் ஆட்கள் கை கோத்தபடி பின்னுக்கு நகர நகர
கொத்தவால் சாவடியில் விலை கேட்டுப் போகிறவன்போல்
ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டு போனான்.

பதினேழு. பத்தொன்பது. லோனா. இருபத்துமூன்று.
அவர்கள் ஆணியில் என் கை ஓயவில்லை.
எங்கள் ஆணியில் அந்த எட்டு
லேசாக ஆடிக்கொண்டு
அங்கேயே தொங்கியது.

சுவர்மேல் உட்கார்ந்திருந்த மீன்பாடி வண்டிக்காரர் கத்தினார்:
"பூட்டைப் புடிச்சிக்கினு தூங்குறீங்களேப்பா,
கதவு தொறந்து கீது!"

சொல்லிவிடுகிறேன், நானும் சார் கட்சிதான்.
பதினேழு பாயிண்ட் என்பது
சம்பளக் கவர் மாதிரி.
பிரிக்காமல் வைத்திருந்தால் குறையாது
என்றுதான் நினைத்தேன்.

ஒரே ஒரு தடவை குள்ளன் தானாகவே கோட்டுக்கு வெளியே கால் வைத்தான்.
எங்கள் எட்டைக் கழற்றினேன். துரு கட்டைவிரலில் ஒட்டியது.
ஒன்பதை மாட்டிவிட்டுத் திரும்பினால்
அங்கேயும் இருபத்தொன்பது.

இருபத்தைந்து விநாடி.
எங்கள் ரெய்டு. மூன்றாவது.
உள்ளே மிச்சம் இரண்டு பேர், அதில் ஒருத்தன் டில்லி.
சார் வாயைத் திறந்தார், மூடினார்.
மிதித்துத் திரும்புகிற வழியை விதியே அடைத்துவிட்டது.

டில்லி பாடினான்.
இருபது நிமிடம் பத்திரமாக வைத்திருந்த மூச்சு
கரகரத்தது. 'கபடி' இரண்டாகப் பிளந்து வந்தது.
இடது மூலைக்காரன் கணுக்காலைப் பிடித்தான்.
டில்லி விழுந்தான், முகம் மண்ணில்,
வாய் மட்டும் நிற்கவில்லை,
கை நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தது.
"எட்டு! எட்டுடா!" என்று சுவரிலிருந்து குரல்.
நான், முட்டாள், கோணிப்பையைப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது விசில் ஊதிவிட்டது.
நகம் கோட்டில் இருந்தது.
முப்பது.

"நிதானம்னேனே, பாத்தியா?"
சார் எல்லோருடைய முதுகிலும் தட்டிக்கொண்டு போனார்.
ஜெரோம் யார் கண்ணிலும் படாமல் ஷூ கழற்றினான்.
டில்லி எலுமிச்சை ஜூஸை வாந்தியெடுத்துவிட்டு
பலகையடியில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், அந்த எட்டு
இன்னாடா அவ்ளோ நேரம் தொங்கிக்கினு இருந்துச்சி?"

கட்டைவிரலைப் பேண்ட்டில் தேய்த்தேன்.
வாசல் பார்த்து நின்ற வேன்
திருப்ப வேண்டிய அவசியமில்லாமல்
அப்படியே கிளம்பியது.